உப்புக் காற்றில் ஒரு சான் ஸ்டார்ம்: இங்கேயே வைத்து ஓட்டலாமா, கோவைக்கு அனுப்பிவிடலாமா?

#1 உப்புக்காற்று (மண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

என்கிட்ட ஒரு சான் ஸ்டார்ம் இருக்கு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1998-ல் நம்ம நாட்டிலேயே வந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடிச்சுட்டு ஓட்டலாம். உடம்பு முழுக்க ஃபைபர். இன்ஜின் ரெனோவோட 1149 சிசி. வெளிநாட்டில் ட்விங்கோ, க்ளியோவில் போட்ட அதே குடும்பத்து இன்ஜின்தான். 60 குதிரைத்திறன் சுமார். கொஞ்சம்தான் விற்றது, அதனால ரோட்டில் பார்க்கிறவங்க இன்னமும் "இது என்ன வண்டி?"ன்னு கேட்டு நிறுத்துறாங்க.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினேன். உடம்பு அன்னைக்கு மாதிரியே இருக்கு. ஃபைபர் துருப்பிடிக்காதுல்ல. ஆனா உள்ள இருக்கிற சட்டம் இரும்பு. போன வாரம் ஜாக்கி போட்டுத் தூக்கினப்ப, பின்சக்கரத்துக்கு முன்னாடி கட்டைவிரல் நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. சுத்தி இருக்கிற கறுப்புப் பூச்சைச் சுரண்டினா அடியில் இரும்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா உரியுது. வாங்கின வருஷமே ஒரு பட்டறையில் பணம் கொடுத்து அடித்த பூச்சு அது. இருந்த துருவைச் சுரண்டாம மேலேயே அடிச்சிருக்காங்க. ஈரம் உள்ளயே அடைபட்டுக் கிடந்து தின்னுருக்கு.

இன்னொண்ணு. பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது.

கோவையில் ஒரு நண்பர், "இங்க என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்து, கடல் ஓரத்தில் வைக்கிற வண்டியா இது?"ங்கிறார். அவர் சொல்றதில் நியாயம் இருக்கு. ஆனா வண்டி கோவையில், நான் மண்டபத்தில்னா அது யாருக்காக இருக்கு? வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்த் தடவிப் பார்த்துட்டு வரவா?

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 பழையசக்கரம் (கோவை)

வாங்க, உங்க வண்டி ஓட்டை பெருசுங்களா சிறுசுங்களான்னு எழுதினதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாதுங்க. தட்டிப் பார்க்கோணும். சின்னச் சுத்தியலை எடுத்துட்டுச் சட்டம் முழுக்க அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீர்னு பேசும். செத்த இரும்பு பொத்துன்னு பேசும். பொத்துன்னு பேசற எடத்துல எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. வட்டம் மூணு நாலோட நின்னுச்சுன்னா தகடு வெச்சுப் பற்ற வெச்சுக்கலாம், வெல்டிங்தானுங்க. சஸ்பென்ஷன் மாட்டற எடத்துல, சீட் பெல்ட் மாட்டற எடத்துல வட்டம் வந்துச்சுன்னா வண்டியை அன்னைக்கே நிறுத்திப் போடுங்க. அழகு பார்க்கற விஷயமில்லை அது, உசுரு.

எடத்தை மாத்தறதைப் பத்தி: நான் உங்க நண்பர் பக்கந்தானுங்க. சென்னைப் பக்கம் சோழவரம் ஓடுதளத்துல கார் ரேஸ் நடந்த காலத்துல கைதட்டிட்டுத் திரிஞ்சவன் நானு. எங்க ஊர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதிங்கற ரேஸ் காரைக் கொண்டுவந்த காலத்தையும் பார்த்தவன். அந்தக் காலத்து வண்டி ஒண்ணு ரெண்டு இன்னைக்கும் இங்க ஓடுதுன்னா அது இந்த ஊர்க் காத்தால. பாம்பன் காத்துல அது நிக்குமுங்களா?

#3 வள்ளக்காரன் (பாம்பன்)

அண்ணே, நான் ஃபைபர் வள்ளம் வேலை செய்றவன். பதினேழு வருசமா. உங்க வண்டிய பாலத்துக்கிட்ட பல தடவை பாத்திருக்கேன். உங்க முன்பக்க பம்பர்ல வலது ஓரத்துல நட்சத்திரம் மாதிரி விரிசல் இருக்கா? உள்ளேருந்து வெளிய தள்ளுன அடி அது. வெளியேருந்து பட்ட அடின்னா விரிசல் வேற மாதிரி வட்டமா விழும். வள்ளத்து அணியத்துல, அதான் முன்மூக்குல, தினம் பாக்குறது.

அத சும்மா பட்டி வச்சு மூடாதீங்க. ஆறு மாசத்துல திரும்ப அதே கோட்டுல வெடிக்கும். பின்பக்கமா சாய்வா தேச்சு எடுத்துட்டு, 450 மேட்டுன்னு கண்ணாடி இழைப் பாய் வரும், அத ரெசின்ல நனச்சு ரெண்டு படை வச்சு, ரோலரால காத்துக் குமிழி இல்லாம உருட்டணும். அப்புறம்தான் முன்னாடி ஜெல்கோட், அதான் மேல்பூச்சு. வெயில் நேரத்துல ரெசின இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்ட கொறச்சுப் போடணும், இல்லன்னா கிண்ணத்துலயே கல்லாயிரும். நீங்களே செய்யப் போறீங்கன்னா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: ஆக்சிலரேட்டருன்னு அத வேகப்படுத்துற இன்னொரு மருந்து இருக்கு, அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்தக் கூடாது. ரெசின்ல மொதல்ல ஒண்ணக் கலக்கி முடிச்சுட்டுத்தான் அடுத்தது. நேரா சேந்தா வெடிச்சு முகத்துல அடிக்கும்.

லைட்டு விசயம். இரும்பு வண்டில பாடியே எர்த்து. ஃபைபர்ல அது கெடையாது. ஒவ்வொரு பல்புக்கும் தனி எர்த் வயர் போயி எங்கயோ ஒரு நட்டுல சேரும். அந்த நட்டு பச்ச பூத்திருக்கும் பாருங்க. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம பக்கத்து பல்பு வழியா போகுது, அதான் ரெண்டும் மங்கலா எரியுது. அந்த வயர வெட்டிட்டு, வள்ளத்துக்குப் போடுற வெள்ளீயம் பூசுன செம்பு வயரப் போடுங்க. சாதா செம்பு வயரு இந்த ஊருல உள்ளுக்குள்ளயே கறுத்துப் போயிரும்.

கோவை அண்ணன் சொல்றதுக்கு மறுப்பு சொல்றேன்னு நெனக்க வேணாம். இந்த வண்டியோட தோல் என்னன்னு தெரிஞ்ச ஆளுங்க தமிழ்நாட்டுலயே அதிகமா இருக்குறது எங்க கரையிலதான்.

#4 கீழக்கரை_1600

ஸலாம் காக்கா. நான் ஒரு ஃபியட் பாலியோ 1.6 கார் வச்சிருக்கேன். 100 குதிரைத்திறன், இந்த ரோட்டுக்கு அது தாராளம். வேலை துபாயில், வருஷத்துல ஒரு மாசம்தான் ஊரு. வண்டி பதினோரு மாசம் வீட்டுக்குள்ள நிக்குது.

நின்ன வண்டிக்கு என்னாகும்னு நான் சொல்றேன். முதல் வருஷம் வந்து பார்த்தப்ப பிரேக் பிடிச்சுப்போய் சக்கரம் சுத்தவே இல்லை. ரெண்டாம் வருஷம் கிளட்ச் ஒட்டிக்கிச்சு. மூணாம் வருஷம் எலி வயரைத் தின்னுடுச்சு. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன், அது அதைவிட மோசம், உள்ள வேர்த்து வேர்த்து ஜன்னல் ரப்பரெல்லாம் பூஞ்சை. இப்ப மச்சான்கிட்ட சாவியைக் குடுத்து வாரம் ஒரு நாள் ஏர்வாடி வரைக்கும் போயிட்டு வரச் சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நீங்க கோவையில் விட்டா அங்க யாரு ஓட்டுவா காக்கா?

#5 புதுக்கை_97

அண்ணா, சின்ன சந்தேகம். படகுக்கு அடியில் ஜிங்க் கட்டி மாட்டுறாங்களே, இரும்புக்குப் பதிலா அது கரையும்னு. அதையே கார் சட்டத்தில் நாலு இடத்தில் மாட்டினா துரு நின்னுடாதா? இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, 60 குதிரைத்திறனை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லலாமா? இன்னைக்குச் சாதாரண ஹேட்ச்பேக்கே 80, 90 வருது.

#6 வள்ளக்காரன் (பாம்பன்)

தம்பி, ஜிங்க் வேலை செய்யணும்னா இரும்பும் அதுவும் ஒரே தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கணும். தண்ணி வழியாத்தான் அது காப்பாத்தும். கரையில ஏத்தி வச்ச போட்டுலயே ஜிங்க் சும்மாதான் தொங்கும். காருக்கு மாட்டுனா மாட்டுன எடத்தத் தவிர வேற எங்கயும் பிரயோசனம் இல்ல. ஜிங்க் கலந்த பிரைமர் அடிச்சா அது வேற. அது இரும்ப ஒட்டிக்கிட்டே இருக்கும், அது நல்லது.

#7 உப்புக்காற்று (மண்டபம்)

60 குதிரைத்திறன் பத்தி நான் சொல்றேன் தம்பி. தப்பா எடுத்துக்கல, நானும் வாங்குறதுக்கு முன்னாடி இதையேதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சரைக்குக் கிளம்புவேன். கூரை மடிச்சாச்சு. மண்டபம் தாண்டி ரோடு மெதுவா ஏறும், பாலம் ஏறுறோம்னே தெரியாது, திடீர்னு ரெண்டு பக்கமும் கடல். சீட்டு அவ்வளவு தாழ்வு, கைப்பிடிச் சுவரும் என் தோளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மூணாவது கியரில் அறுபது, எழுபது. பெரிய காரில் அந்த வேகம் வேகமே இல்லை. இதில் காத்து காதுக்குள்ள பேசும், ஸ்டீயரிங்கில் ஒவ்வொரு இணைப்பும் விரலுக்குத் தெரியும். கீழ வள்ளங்கள் வரிசையா நிக்கும். பாம்பன் பக்கம் இறங்கும்போது கருவாட்டு வாசம் முதல்ல வரும், அப்புறம் யாரோ வீட்டில் இட்லி வேகுற வாசம், அதுக்கப்புறம் சூடான இன்ஜின் ஆயில் வாசம். கண்ணாடி ஏத்தின காரில் இந்த மூணும் கிடையாது. எண்ணை வச்சு இதை அளக்க எனக்குத் தெரியலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஆனி, ஆடியில் தென்மேற்கே இருந்து கச்சான் காத்து அடிக்கிறப்ப அந்தப் பாலத்தில் லேசான வண்டியை ரெண்டு கையாலும் பிடிக்கணும். எதிர்ல பஸ் வந்து தாண்டுற நொடியில் காத்து நின்னு, அடுத்த நொடி திரும்ப அறையும். மழையில் அந்த இரும்பு இணைப்புகள் மேல பிரேக் தொடவே கூடாது.

#8 ராமநாதபுரம்_டீச்சர்

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

என் அப்பாவிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. சென்னையில் செய்த கார். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், திறந்த முன்சக்கரத்தின் மேலேறி உட்கார்ந்துகொள்வோம். அப்போது பாம்பனுக்கு ரோடு கிடையாது. ரோட்டுப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதற்கு முன் அப்பா மண்டபம் வரை காரில் வந்து, அங்கே தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவிட்டு, எங்களை ரயிலில் ராமேஸ்வரம் கூட்டிப்போவார். சாயங்காலம் திரும்பி வந்ததும் முதல் வேலை, அந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் இரண்டு வாளி வாங்கி அடிப்பக்கத்தில் வீசி ஊற்றுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவருக்குக் கண் மங்கிய பிறகு வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். "யாரும் தொடாதீங்க, பத்திரமா இருக்கட்டும்" என்றார். ஒன்பது வருடம். அவர் போன பிறகு நகர்த்தப் போனபோது கதவு கையோடு வந்தது. இருபது வருடம் கடற்கரை ரோட்டில் ஓடியபோது வராத துரு, பத்திரமாக வைத்த ஒன்பது வருடத்தில் வந்தது. அதனால் ஓட்டுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் தெருவில் இன்றும் தள்ளுவண்டியில் நாலு குடம் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நிற்கிறார்கள். அந்த ஊரில் ஒரு காரைக் கழுவப் பத்துக் குடம் நல்ல தண்ணீர் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. போர்த் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் கழுவாததே மேல் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

#9 உப்புக்காற்று (மண்டபம்)

டீச்சர், உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். அப்பா செய்ததுதான் சரி.

தண்ணீர் விஷயத்தில் நீங்க கேட்டது சரியான கேள்வி. நான் குழாய்த் தண்ணியோ லாரித் தண்ணியோ தொடுறதில்லை. எங்க வீட்டு ஏசி ராத்திரி ஓடினா காலையில் குழாயடியில் ஒரு வாளி நிறைஞ்சிருக்கும். காத்தில் இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுற தண்ணி, அதில் உப்பே கிடையாது. பக்கத்து வீட்டிலயும் கேட்டு வாங்கி கேனில் சேர்த்து வைப்பேன். வயலுக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் ஒண்ணு புதுசா வாங்கி வச்சிருக்கேன், மருந்து படாதது. அதில் எட்டு லிட்டர் ஊத்திப் பம்ப் அடிச்சு, படுத்துக்கிட்டு அடிப்பக்கம் முழுக்கத் தெளிச்சா போதும். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணியே தொட்டியில் இருக்கும். மேல்பக்கம் ஈரத்துணிதான்.

வள்ளக்காரன் தம்பி, வர்ற சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவரட்டுமா? பம்பரையும் பாருங்க, எர்த்தையும் பாருங்க.

#10 வள்ளக்காரன் (பாம்பன்)

வாங்கண்ணே. காலைலயே வாங்க. வெயில் ஏறுனா ரெசின் சொன்ன பேச்சு கேக்காது.

#11 சாலைப்பயணி (சென்னை)

என் பக்கத்தில் இருந்து ரெண்டு குறிப்பு.

ஒன்று பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. உங்கள் வண்டி வந்த காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விரலால் நசுக்கிப் பாருங்கள், பிசுபிசுவென்றோ வெடிப்பாகவோ இருந்தால் டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கடையில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ் கேளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் சொல்லவே வேண்டாம். அரை டேங்க்கில் மாதக் கணக்கில் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதை விட ஓட்டுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, பேப்பர். 15 வருடம் தாண்டிய தனியார் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். விண்டேஜ் பதிவு கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். நம் வண்டிகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

#12 பழையசக்கரம் (கோவை)

டீச்சரம்மா எழுதினதைப் படிச்சுப்போட்டு ரெண்டு நாள் யோசிச்சனுங்க. ஷெட்டில் விடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

பற்ற வெக்கறப்ப இதுகளை விட்டுப்போடாதீங்க: பேட்டரியைக் கழட்டோணும், இன்ஜினைக் கட்டுப்படுத்தற இசியு பெட்டியோட பிளக்கையும் கழட்டோணும், பெட்ரோல் டேங்கை எறக்கி வெளிய வெக்கோணும். ஃபைபர் எரியுங்க, பொறி பட்டா அணைக்கறது சிரமம். நனைச்ச சாக்கை உள்பக்கம் திணிச்சுட்டு, ஒருத்தர் வாளியோட பக்கத்துலயே நிக்கோணும். பழைய தகட்டு மேல புதுத் தகடு ஒட்டாதீங்க, செத்ததை வெட்டி எடுத்துட்டு நல்ல இரும்பு வர்ற வரைக்கும் போங்க. மூடின பகுதிக்குள்ள மெழுகு அடிச்சு விடுங்க.

#13 உப்புக்காற்று (மண்டபம்)

சனிக்கிழமை நடந்ததைச் சொல்றேன். இது எல்லாருக்கும் உதவும்.

பாம்பனுக்குப் போனேன். வள்ளங்களுக்கு நடுவில் பனை ஓலைக் கொட்டகையில் என் வண்டியையும் ரெண்டு கட்டை மேல ஏத்தினாங்க. தம்பி பம்பரைப் பார்க்கவே இல்லை. நேரா அடியில் படுத்தார். சட்டத்தை விரலால் தடவிக்கிட்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தி, "அண்ணே, இங்க தண்ணி வடியிற ஓட்டை இருக்கணுமே, எங்க?"ன்னார். நான் பார்த்தேன், ஓட்டையே இல்லை. சைக்கிள் போக்ஸ் கம்பி ஒண்ணை எடுத்துக் குத்தினார். கொஞ்சம் விட்டுக்கொடுத்து உள்ள போச்சு. வெளிய இழுத்ததும் மணல் கொட்டுச்சு. ஈர மணல். கையில் ஏந்தினேன், நடுவில் பொடிப் பொடிச் சிப்பி. தனுஷ்கோடி மணல். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ரெண்டு கை அள்ளுற அளவுக்கு வந்துச்சு.

ஆறு வருஷமா நான் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய் வர்றப்பெல்லாம் ரோட்டுக்கு மேல ஏறிக் கிடக்கிற மணலைச் சக்கரம் வாரி அடிச்சு உள்ள அடைச்சிருக்கு. அதில் உப்புத் தண்ணி ஊறி, காயவே வழியில்லாம நின்னுருக்கு. ஓட்டை விழுந்திருந்தது சரியா அந்த மணல் நின்ன மட்டத்தில்தான். நான் மேலயும் கீழயும் தெளிச்ச தண்ணி அந்தப் பகுதிக்குள்ள போகவே இல்லை.

கோவை அண்ணன் சொன்ன மாதிரித் தட்டிப் பார்த்தோம். ரெண்டே வட்டம். சஸ்பென்ஷன் மாட்டுற இடம், பெல்ட் மாட்டுற இடம் எல்லாம் கணீர்னு இருந்துச்சு.

#14 பழையசக்கரம் (கோவை)

அப்படிப் போடுங்க! காத்தைத் திட்டிட்டு இருந்தோம், மணலைப் பார்க்கலை. அந்தத் தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

#15 வள்ளக்காரன் (பாம்பன்)

அண்ணே, வள்ளத்துலயும் இதேதான். தண்ணி போற வழி அடைச்சா வள்ளம் கனத்துப்போயிரும். மொதல்ல அதத்தான் பாப்போம். புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சுன்னு அவ்வளவு செஞ்சிருக்காங்க. இந்த ஊருல இரும்பு வச்சிருந்தா அது கூடவே இருக்கணும்ணே.

#16 புதுக்கை_97

அண்ணா, மதுரையில் ஒரு ஸ்டார்ம் விலைக்கு வருது. பார்க்கப் போறேன். எதை முதல்ல பார்க்கணும்?

#17 உப்புக்காற்று (மண்டபம்)

பெயிண்ட்டை அப்புறம் பாரு தம்பி. அடியில் படுத்துச் சட்டத்தைப் பாரு. புதுசா கறுப்புப் பூச்சு பளபளன்னு இருந்தா சந்தேகப்படு, சுரண்ட விடச் சொல்லு. விளக்கெல்லாம் ஒண்ணா போட்டு, பிரேக்கையும் மிதிச்சுப் பாரு. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில் இருக்கான்னு கேளு, இல்லைன்னா மாத்தலைன்னே எடுத்துக்கோ. கண்ணாடி, பீடிங், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் எதுவும் காணாமப் போயிருந்தா யோசிச்சு வாங்கு. இன்ஜின் சாமான் தேடினா கிடைக்கும். இந்த வண்டிக்குன்னே செய்த சாமான் கிடைக்கிறது கஷ்டம். ஃபைபரில் விரிசலைப் பார்த்து பயப்படாதே, படம் எடுத்து இங்க போடு, பாம்பன் தம்பி பார்த்துச் சொல்லுவார்.

#18 கீழக்கரை_1600

காக்கா, அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன், இன்ஷா அல்லாஹ். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவோமா?

#19 உப்புக்காற்று (மண்டபம்)

போயிட்டு வந்தாச்சு. படம் கீழ இருக்கு.

பற்றவைப்பு ரெண்டு இடம், 2 மில்லிமீட்டர் தகடு, ஜிங்க் பிரைமர், உள்ள மெழுகு. ஹோஸ் முழுக்க மாத்தியாச்சு. எர்த் ஆறும் புது வயர். இண்டிகேட்டர் இப்ப தெளிவா சிமிட்டுது. பம்பரில் விரிசல் எங்க இருந்துச்சுன்னு எனக்கே தேட வேண்டியிருக்கு.

கீழக்கரைத் தம்பியோட பாலியோ முன்னாடி, நான் பின்னாடி. கோவை அண்ணன் ராத்திரியே பஸ் ஏறி வந்து என் பக்கத்து சீட்டில். பாலத்தில் அவர் ஒரு வார்த்தை பேசலை. இறங்கினதும் "இன்னொரு தடவை போலாமுங்களா?"ன்னார். திரும்பி மண்டபம் வந்து மறுபடியும் ஏறினோம். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பெண்கடல் தட்டு மாதிரிக் கிடந்துச்சு, இந்தப் பக்கம் ஆண்கடல் நுரை தள்ளுச்சு. 1964 புயலில் போன சர்ச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி டீ குடிச்சோம். மணலில் இறக்கலை, தார் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்தினேன்.

டீச்சர் வீட்டுக்கும் போனோம். ஹெரால்டோட முன்பக்கச் சின்னம் மட்டும் வச்சிருக்காங்க. எடுத்துக் காட்டினாங்க. அப்புறம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தேவிபட்டினம் வரைக்கும் வந்தாங்க.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏசித் தண்ணி எட்டு லிட்டர் அடிச்சேன். சட்டத்தில் தண்ணி வடியிற நாலு ஓட்டையிலும் போக்ஸ் கம்பியை விட்டேன். தண்ணி மட்டும்தான் வந்துச்சு.